மண் அடைத்த பெயர்

இரண்டு கைகள் ஒரு மூங்கில் பிளாச்சை வளைத்துக்கொண்டிருந்தன. முந்தின நாளெல்லாம் தொட்டித் தண்ணீரில் ஊறிக் கிடந்த பிளாச்சு. அவசரப்பட்டால் நார் பிளந்துவிடும். இடது கை ஒரு முனையைப் பலகையோடு அழுத்திப் பிடித்திருந்தது. வலது கையின் கட்டைவிரல் கொஞ்சம் தள்ளும், நிற்கும், மூங்கில் முனகுகிறதா என்று பார்க்கும், மறுபடி தள்ளும். அந்த விரல்களின் ரேகைகளுக்குள் வெள்ளிப் பொடி படிந்திருந்தது. எந்தச் சோப்புக்கும் அது போனதில்லை. பிளாச்சு மெல்ல உள்பக்கம் சுருண்டு வந்ததும் வலது கை சணலை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டது. ‘ச’வின் தலைக்கு மேல் சுழி உட்கார்ந்துவிட்டது.

வாசலில் உள்ளி உரித்துக்கொண்டிருந்த பத்திரகாளி எட்டிப் பார்த்தாள்.

“என்ன எழுத்து அது? சீயா?”

“ஆமா.”

“காலையில இருந்து குறுக்கு ஒடியக் குனிஞ்சு கிடந்து, எழுதுனது ‘சீ’தானா? அதை நான் வாயாலயே சொல்லியிருப்பேனே.”

“தினமுந்தான் சொல்ற” என்றார் அவள் புருசன் பெத்தணன், நிமிராமல்.

பெத்தணனுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. தாயில்பட்டிக்குத் தெற்கே, பேருந்து வந்து திரும்பிப் போகிற கடைசி ஊர் அவருடையது. அவருடைய அப்பா காலம் வரைக்கும் அந்தக் குடும்பத்தில் எல்லாரும் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர்கள். மழை ஏமாற்றி ஏமாற்றி, ஊரே பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் போனபோது அவரும் போனார். பட்டாசு ஆலையை அந்தப் பக்கத்தில் யாரும் ஆலை என்று சொல்வதில்லை. ஆபீஸ் என்பார்கள். விடியும்போது ஆபீஸ் வேன் வந்து நிற்கும், ஊர் ஏறிப் போகும், பொழுது சாயும்போது கையிலும் காதோரத்திலும் பொடியோடு வந்து இறங்கும்.

வாரம் முழுவதும் ஆபீசில் திரி வேலை. லீவு நாளில் எழுத்து வேலை. பெத்தணனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இரண்டாவதுதான்.

கோயில் பொங்கலில் வாணம் விட்டு முடித்ததும் விளக்குகளை அணைப்பார்கள். இருட்டில் நெருப்பாலேயே சாமியின் பெயர் எழுந்து நிற்கும். சட்டத்தில் மூங்கிலை எழுத்தாக வளைத்துக் கட்டி, அதன்மேல் சுண்டுவிரல் அளவுக் குழாய்களை நெருக்கமாகக் குத்தி நிறுத்தி, ஒவ்வொன்றிலும் மருந்து அடைத்து, ஒன்றோடொன்று திரியால் இணைத்துச் செய்வது அது. பெத்தணனுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இளவட்டமாக இருந்தபோது சாத்தூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில் பார்த்தார். எரிகிறவரைக்கும் கூட்டத்தோடு முன்னால் நின்றார். எரிந்து முடிந்து கூட்டம் கலைந்த பிறகு சட்டத்தின் பின்னால் போய் நின்றார். எந்தக் குழாயிலிருந்து எந்தக் குழாய்க்குத் திரி போயிருக்கிறது என்று கரிந்த தடத்தை வைத்தே படித்துக்கொண்டார்.

ஊருக்கு முதன்முதலில் ‘முத்துமாரி’ எழுதியபோது ‘மா’ மட்டும் அவசரமாக அணைந்துபோய், மிச்ச எழுத்துகள் நடுவில் பல் விழுந்த மாதிரி நின்றன. அந்த வருசமெல்லாம் டீக்கடையில் அவரைப் பார்த்தால் “ஆத்தாவுக்கு ஒரு பல்லு போச்சு” என்று சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். எல்லா எழுத்தும் சேர்ந்து பற்ற வேண்டும், சேர்ந்தே அணைய வேண்டும். எம். புதுப்பட்டியில் இருந்துகூட ஆள் வந்து ஆர்டர் கொடுக்கிற அளவுக்கு அது கைக்கு வந்தது. சாமி பெயர் எழுதினார், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெண் பெயர் எழுதினார். ஓட்டில் ஜெயித்தவர்களின் பெயரையும் எழுதினார்.

அந்த வேலையில் அவருக்குக் கூட்டாளி சீனிச்சாமி. ஒரே ஆபீசில் வேலை பார்த்தவர்கள். சீனிச்சாமி நல்ல உயரம், நீளக் கை. இரண்டு கம்பங்களுக்கு நடுவில் சட்டத்தைத் தூக்கி நிறுத்தினால், காற்றுக்குச் சாயாமல் பின்னால் இருந்து கயிற்றைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அது சீனிச்சாமிதான். முன்னால் ஊரே ‘ஓ’வென்று கத்தும். பின்னால் நிற்கிற சீனிச்சாமிக்கு எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பித் தெரியும்.

“மச்சான், நான் பாத்த சாமி பேரெல்லாம் முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் நிக்குது” என்பார். “ஊர்ல இருக்கவன் பேரெல்லாம் எழுதுறீக. ஒரு நா என் பேரை எழுதுங்க. அன்னைக்கு மட்டும் கயித்தை வேற ஆளுகிட்டக் குடுத்திரணும். நான் முன்னால நின்னு பாக்கணும்.”

“எழுதிருவோம் மாப்ள” என்பார் பெத்தணன்.

எழுதவில்லை. இரண்டாயிரத்து இரண்டு சித்திரை வெயிலில், ஆபீசில் மருந்து கலக்கும் அறை வெடித்துச் சீனிச்சாமி போய்விட்டார். அன்றைக்குப் பெத்தணன் வெளியூரில் ஒரு சட்டத்துக்கு அளவெடுக்கப் போயிருந்தார்.

சீனிச்சாமி ஊருக்கு மேற்கே, ரோட்டை ஒட்டி ஒரு துண்டு கரிசல் வாங்கிப் போட்டிருந்தார். “மருந்தை விட்டுட்டு இந்த மண்ணுக்கு வந்திரணும்” என்று லீவு நாளெல்லாம் அங்கே போய் நின்றுகொண்டு சொல்வார். வந்து சேரவில்லை. ஊரில் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. ஒன்பதுக்குச் சாத்தூர் போக வேண்டும். போகாத பிள்ளைகளுக்கு விடியற்காலை வேன் தயாராக நின்றது. உயர்நிலைப் பள்ளியாக ஆக்குகிறோம், ஊரில் இடம் கொடுங்கள் என்று அதிகாரிகள் கேட்டபோது, சீனிச்சாமியின் மனைவி பாண்டிலட்சுமி அந்தக் கரிசல் துண்டை எழுதிக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்துக்கு அவள் புருசன் பெயர் வைப்பது என்று முடிவாயிற்று. இடம் கொடுத்ததற்காக அவளுக்கு அங்கேயே கூட்டிப் பெருக்குகிற வேலையும் கிடைத்தது.

பஞ்சாயத்துத் தலைவர் தங்கப்பாண்டியனும் இடம் தருவதாகத்தான் சொல்லியிருந்தார். கிணறும் காடும் உள்ள பழைய குடும்பம். அவர் அப்பா சங்கையா பெயரை வைத்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். மழைக்காலத்தில் ஓடையைத் தாண்டிப் பிள்ளைகள் எப்படி வரும் என்று அதிகாரிகள் ரோட்டோரத்தையே எடுத்துக்கொண்டார்கள். தங்கப்பாண்டியனுக்கு உள்ளே ஒரு முள் தைத்திருக்கலாம். அதை வெளியே காட்டாமல், திறப்பு விழாவைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

இரண்டாயிரத்து ஆறு, ஆவணி. தீபாவளி லோடு ஏற்றுகிற சீசன். ஆபீசில் மூச்சு விட நேரமில்லாத ஒரு நாள், வேன் விட்டு இறங்கிய பெத்தணனைத் தங்கப்பாண்டியன் ரோட்டிலேயே பிடித்தார்.

“பெத்தணா, திறப்பு விழாவுக்கு எழுத்து வேணும்லே. பெருசா. ‘சீனிச்சாமி நினைவு அரசு உயர்நிலைப் பள்ளி’. ஒண்ணு விடாம வரணும்.”

“அம்புட்டையும் எழுதுனா சட்டம் இங்கன ஆரம்பிச்சு வெம்பக்கோட்டையில போயி முடியும் தலைவரே.”

“அப்ப?”

“பேரு மட்டும் போதும். பள்ளிக்கூடம்தான் பின்னாலயே நிக்குதுல்ல.”

“அதுவும் சரிதான். பேருக்குக் கீழ சின்னதா, ‘உபயம்: தங்கப்பாண்டியன்’னு ஒரு வரி.”

“நெருப்புலயுமா?”

“டியூப் லைட்டுல எழுதுறோம், கோயில் மணியில எழுதுறோம். நெருப்பு என்னலே பாவம் பண்ணுச்சு? அந்தப் புள்ள பாண்டிலட்சுமிக்கு மட்டும் தெரிய வேண்டாம். அன்னைக்குப் பாத்து மலைச்சுப் போகணும்.”

பெத்தணன் சந்தோசமாகத் தலையாட்டினார். ஊரில் விசயம் தெரிந்த நாலைந்து பேரும் சந்தோசப்பட்டார்கள். ஒருத்தருக்கும் வேறொன்றும் தோன்றவில்லை. நெருப்பு வைத்து மரியாதை செய்வதுதான் அந்த ஊருக்குத் தெரிந்த பெரிய மரியாதை.

அன்று முதல் லீவு நாளெல்லாம் வாசலில் எழுத்து வளர்ந்தது. மருந்து அடைப்பதெல்லாம் கடைசியில், ஆபீசில் வைத்துத்தான். வீட்டுக்கு மருந்து வராது. வீட்டில் மூங்கிலும் சணலும் வெறுங்குழாயும் மட்டும். ‘சீ’யின் சுழிக்குப் பிறகு ‘னி’. அதில் இரண்டு சுழியும் மேல்வளைவுமாக மூன்று வளைவுகள்; ஒன்றுக்கொன்று அளவு மாறினால் கோணல் சட்டென்று கண்ணில் படும். மூன்றையும் ஒரே சட்டிமேல் வைத்து வளைத்தார். ‘ச்’சின் புள்ளிதான் அவருக்கு எப்போதும் பிடித்தது. புள்ளிக்கு ஒரே குழாய். அதற்கு மட்டும் வெள்ளை வெளிச்சம் வைப்பார். மற்ற எழுத்தெல்லாம் சிவப்பாக எரியும்போது அது மட்டும் நட்சத்திரம் மாதிரி நிற்கும்.

அந்தக் குழாய்களை உருட்டிக் கொடுத்தது பாண்டிலட்சுமி. புருசன் போனதற்குப் பிறகு அவள் ஆபீஸ் வாசலை மிதிக்கவில்லை. திறக்கப்போகிற கட்டடத்தைக் கூட்டிய நேரம் போக, வீட்டில் உட்கார்ந்து பழைய தாளைக் கம்பியில் சுற்றிப் பசை தடவிக் குழாய் உருட்டுவாள். மருந்தில்லாத வேலை. இந்த முறை இத்தனை சன்னமான குழாய் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஏதோ கோயில் என்று நினைத்தாள்.

கடைசிக் குழாய்களைக் கொண்டுவர அவள் ஆளனுப்பியிருக்கலாம். அவளே சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். பெத்தணன் வீட்டு வாசலில் ஐந்து எழுத்தும் வரிசையாக, வெயிலில் காய்ந்துகொண்டு, மேலே பார்த்துக் கிடந்தன.

பாண்டிலட்சுமி சாக்கை இறக்காமலே நின்றாள். ஐந்தாவது வரை படித்தவள். உதடு அசையாமல் வாசித்தாள்.

“அண்ணே, இது அவுக பேருல்ல?”

பெத்தணன் எழுந்து வந்து சாக்கைப் பிடித்து இறக்கினார். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்துட்டியா தாயி? ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு தலைவர் உத்தரவு. பள்ளிக்கூடத் திறப்பு அன்னைக்கு. கலெக்டர் பேசி முடிச்சதும் லைட்டெல்லாம் அணைச்சிருவோம். ஊரே இருட்டு. அப்ப மாப்ள பேரு மட்டும் எந்திரிக்கும் பாரு.”

பாண்டிலட்சுமி சட்டத்தின் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“எம்புட்டு நேரம் எரியும்?”

“ஒரு நிமிசம். நல்லா அடைச்சா அதுக்கும் கூட.”

“பொறவு?”

“பொறவு என்ன, அணைஞ்சிரும். எல்லா எழுத்தும் ஒண்ணா அணையும். ஒண்ணு முந்தாது, ஒண்ணு பிந்தாது.”

“கரி?”

“கரி கீழ விழும்.”

“எங்கன?”

“பள்ளிக்கூட வாசல்லதான்.”

அவள் சுழியில் குத்தியிருந்த ஒரு குழாயை விரலால் தொட்டுப் பார்த்தாள். தான் ஒட்டிய பசை பிடித்திருக்கிறதா என்று பார்க்கிறவள் மாதிரி.

“மறுநா காலையில அந்த வாசலைக் கூட்டப் போறது நான்தானேண்ணே” என்றாள். “அவுகளையும் நான்தான் கூட்டி அள்ளுனேன். பேரையும் அள்ளச் சொல்றீகளா?”

பெத்தணனின் கை சாக்கின் வாயை அவிழ்த்துக்கொண்டிருந்தது. அது அப்படியே நின்றது. உள்ளே இருந்து பத்திரகாளி வெளியே வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இல்ல தாயி… மாப்ளயே கேட்டாரு. என் பேரை ஒரு நா எழுதுங்கன்னு. எத்தனையோ வாட்டி.”

“தெரியும். எங்கிட்டயும் சொல்லுவாக. முன்னால நின்னு பாக்கணும்னுதானே கேட்டாக? இப்ப முன்னால யாரு நிக்கப் போறா? கலெக்டரா?”

அவள் குரலில் கோபம் இல்லை. எழுந்து சேலையில் ஒட்டிய சணல் தும்பைத் தட்டிவிட்டாள்.

“குழாயை எண்ணி எடுத்துக்கோங்க. செய்யாதீகன்னு நான் சொல்லல. நீங்க அவுக மேல உள்ள பிரியத்துலதான் செய்றீக. ஊருக்கும் ஆசை இருக்கும். அந்நேரம் மட்டும் நான் வீட்டுல இருந்துக்கிடுறேன்.”

அவள் போன பிறகு பெத்தணன் சட்டத்தைத் திருப்பிச் சுவரில் சாத்தினார். எழுத்து சுவரைப் பார்த்து நின்றது.

ஒரு வேலையை வருசக்கணக்கில் திருத்தித் திருத்திச் செய்தவர் அவர். சுழி கோணினால் அவிழ்த்துக் கட்டுவார். திரி ஒரு விரற்கடை நீண்டால் நறுக்கிச் சேர்ப்பார். இதில் எதை அவிழ்ப்பது என்று தெரியவில்லை. சேர்ந்து பற்றிச் சேர்ந்து அணைகிற எழுத்தை அவர் தன் திறமை என்றே நினைத்திருந்தார். அணைந்த பிறகு வாசலில் விழுவதை யார் அள்ளுகிறார்கள் என்று அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் அவர் எப்போதும் வேனில் இருப்பார்.

“இம்புட்டு நாளா ஒரு மனுசனுக்குத் தோணலையே” என்றார் பத்திரகாளியிடம்.

“எப்படித் தோணும்? தண்ணி ஓடுற ஊர்ல இருந்தா தண்ணியில எழுதியிருப்பீக. நாம நெருப்பு ஊரு. அந்தப் புள்ளை இல்லாம விழா வைக்கிறதுக்கு, பேரே வைக்காம இருக்கலாம். போயித் தலைவர்கிட்டச் சொல்லுங்க.”

“நீ வாறியா?”

“நான் எதுக்கு? அவரு கத்துனா நானும் கத்துவேன். பொறவு காரியம் நடக்காது.”

தங்கப்பாண்டியன் பருத்திக் காட்டில், மோட்டார் அறைக்குப் பக்கத்தில் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருந்தார். பெத்தணன் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

“நோட்டீஸ் சிவகாசியில அச்சுல ஓடிக்கிட்டிருக்கு. வாணவேடிக்கைன்னு மூணு கலர்ல போட்டிருக்கேன்.”

“வாணம் விடட்டும் தலைவரே. மேல போறது மேல போகட்டும். பேரு மட்டும் வேண்டாம்.”

“அந்தப் புள்ள அழுதுச்சா?”

“அழுதிருந்தா நானே சமாதானம் சொல்லியிருப்பேன்.”

தங்கப்பாண்டியன் தண்ணீரைக் காலால் அளைந்தார்.

“ஊருக்கு என்னலே பதில் சொல்றது? கலெக்டர் வாறாரு. எழுத்து எரியும்னு நாலு பேருகிட்டச் சொல்லிட்டேன். சரி, சீனிச்சாமி பேரு வேண்டாம்னா என் உபயமாச்சும் இருக்கட்டும்.”

பெத்தணன் அதை யோசித்துப் பார்த்தார். ஆர்டர் கொடுப்பவர் கேட்டால் அதை எப்படிச் செய்வது என்று யோசிப்பதுதான் அவர் பழக்கம்.

“செஞ்சிரலாம். உங்க பேரை மட்டும் நல்லாப் பெருசா வளைச்சிர்றேன். செம்மருந்து அடைச்சுப் பத்த வச்சா ஒரே நிமிசம். ஊரே கைதட்டும். கரியைக் காலையில பாண்டிலட்சுமி கூட்டித் தள்ளிரும்.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் தங்கப்பாண்டியன் காலைத் தொட்டியிலிருந்து எடுத்துவிட்டார்.

“ஏலே, வாயைக் களுவுலே.”

“தப்பா நினைக்காதீக தலைவரே—”

“பேசாம இரு.”

தங்கப்பாண்டியன் துண்டால் காலைத் துடைத்தார். துடைத்த காலையே திரும்பவும் துடைத்தார்.

“கார்த்திகைக்கு எங்கப்பா பேரையும் உன்னை எழுதச் சொல்லலாம்னு இருந்தேன்” என்றார். “பள்ளிக்கூடத்துலதான் இல்ல, ஒரு ராத்திரி நெருப்புலயாவது நிக்கட்டும்னு.” துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “அது வேண்டாம்” என்றார்.

“சரி.”

“உபயமும் வேண்டாம். மைக்குல ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஆமா, அந்தச் சட்டத்தை என்னலே செய்வ?”

“அதான் தெரியல.”

அடுத்த லீவு நாளில் பெத்தணன் சட்டத்தைத் திருப்பி மறுபடி வாசலில் கிடத்தினார். எரிக்கப் போவதில்லை என்றாலும் பாதியில் நிற்கிற வேலையைப் பார்த்துக்கொண்டு அவரால் இருக்க முடியாது. சாக்கில் மிச்சமிருந்த குழாய்களுக்கு அடி அடைக்கத் தொடங்கினார். எந்த வாணக் குழாயாக இருந்தாலும் முதலில் அடியில் கொஞ்சம் மண் போட்டு இடிப்பார்கள். மண் அடைப்பு இருந்தால்தான் அதற்கு மேல் மருந்து நிற்கும். குழாயை நிறுத்தி, மண்ணைப் போட்டு, குச்சியால் இடித்தார். இடித்த கையோடு பழக்கத்தில் மருந்துச் சட்டி இருக்க வேண்டிய பக்கம் திரும்பினார். சட்டி இல்லை. திரும்பவும் மண்ணை எடுத்துப் போட்டு இடித்தார். இன்னொரு பிடி. குழாய் வாய் வரைக்கும் நிறைந்தது.

அதைக் கையில் வைத்து எடை பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, சைக்கிளில் காலிச் சாக்கைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பக்கம் போனார். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியபோது அள்ளிப் போட்ட கரிசல், கட்டடத்துக்குப் பின்னால் மேடாகக் கிடந்தது. ஒரு சாக்கு நிறைய அள்ளிக்கொண்டு வந்தார்.

கரிசல் சொன்ன பேச்சுக் கேட்கிற மண் இல்லை. ஈரமாக அடைத்தால் காய்ந்ததும் சுருங்கிக் குழாயிலிருந்து கழன்று விழுந்தது. காய்ந்த பொடியாக அடைத்தால் தட்டினதும் உதிர்ந்தது. முதல் லீவு நாள் முழுக்க அடைத்தது மறுநாள் வாசலில் கட்டி கட்டியாகக் கிடந்தது. பத்திரகாளி அதைக் கூட்டிக்கொண்டே, “ஆத்தாவுக்குப் பல்லு போனது பரவாயில்ல, நம்ம சீனிச்சாமி அண்ணனுக்கு அம்புட்டுப் பல்லும் போச்சு” என்றாள். பெத்தணன் வைப்பாற்று மணலைச் சலித்துக் கலந்து பார்த்தார். மணல் கூடினால் உதிர்ந்தது. குறைந்தால் வெடிப்பு விட்டது. கைப்பிடியில் இறுக்கினால் உருண்டையாக நின்று, விரலால் தொட்டால் இரண்டாகப் பிரிகிற பதம் ஒன்று இருந்தது. அந்தப் பதம் மருந்துக்கும் உண்டு. கைக்கு அது தெரிந்ததும் வேகம் வந்தது. ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாக இடித்து நிறைத்து, நிழலில் காயவைத்து, அதனதன் இடத்தில் குத்தினார். புஸ்வாணப் பூச்சட்டிக்குச் சுற்றுகிற வெள்ளித் தாளை நறுக்கி ஒவ்வொரு முனைக்கும் தொப்பி மாதிரி ஒட்டினார். மேலே வார்னிஷ்.

‘ச்’சின் புள்ளிக்கு மட்டும் என்ன செய்வது என்று நெடுநேரம் யோசித்தார். கடைசியில் அதையும் மற்றவை மாதிரியே அடைத்தார்.

விழா மாலையில்தான். அன்று காலையே தங்கப்பாண்டியனின் டிராக்டர் வந்தது. இரண்டு பேர் போதும் என்று வந்தவர்கள் சட்டத்தைத் தூக்க முடியாமல் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள்.

“என்ன பெரியப்பா, எழுத்து இம்புட்டுக் கனம் கனக்குது?”

“உள்ள மண்ணு.”

“மண்ணா? அப்ப வெடிக்காதா?”

“வெடிக்காது. காலுல போட்டுக்கிட்டாத்தான் சத்தம் வரும், பாத்துப் பிடி.”

பள்ளிக்கூடத்தில் பந்தல்காரர்கள் ஒரு பக்கம் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாண்டிலட்சுமி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மாலையில் அவள் வருவாளா என்று பெத்தணன் கேட்கவில்லை. தூண்களுக்கு நடுவில், வராந்தாவின் முகப்பில் சட்டத்தை ஏற்றச் சொன்னார். வெயிலும் சாரலும் நேராகப் படாத இடம். பெஞ்சுமேல் ஏறி, வராந்தாவுக்கு உள்ளே நின்று, பின்பக்கமிருந்து அவரே சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். ஆட்கள் இரண்டு ஓரத்திலும் கொக்கியில் கம்பியை மாட்டினார்கள். அவர் கண்ணுக்கு எழுத்து எல்லாம் திரும்பித் தெரிந்தது. கடைசி எழுத்து முதலிலும் முதல் எழுத்து கடைசியிலுமாக, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

“தாயி!” என்று கூப்பிட்டார். “எனக்கு இங்கன இருந்து தெரியாது. முன்னால வந்து நின்னு பாரு. நேரா இருக்கா?”

துடைப்பம் உரசும் சத்தம் நின்றது.

அவள் முன்னால் வந்தாள். பிளாச்சுகளின் இடைவெளியில் அவள் சேலை மட்டும் தெரிந்தது. காலை வெயில் அவளுக்குப் பின்னாலிருந்து வந்து வெள்ளித் தாள்களில் பட்டிருக்க வேண்டும்; அவளுடைய சேலையிலும் கையிலும் துண்டு துண்டாக வெளிச்சம் ஆடியது. பெத்தணனுக்குத் தோள் வலித்தது.

“எரியாதுல்ல?” என்றாள்.

“எரியாது. மண்ணு. இந்த இடத்து மண்ணுதான். மாலையில விழா, நாளைக்கு, அடுத்த வருசம், எப்ப வந்து கூட்டுனாலும் இங்கனதான் இருக்கும். ஒண்ணும் கீழ விழாது.”

ஓரத்தில் நின்ற ஆள் “பெரியப்பா, கையி கடுக்குது” என்றான். “இரு” என்றார் பெத்தணன்.

“சீ இருக்கிற பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்குண்ணே” என்றாள் பாண்டிலட்சுமி. “தூக்குங்க. இன்னுங் கொஞ்சம். போதும்.”

“இப்ப?”

“இப்பச் சரியா இருக்கு. விடுங்க.”

பெத்தணன் இரண்டு கைகளையும் எடுத்தார்.